மாமாவுக்கு நான் எழுதிக் கொடுத்த நாலு பக்கம்

எங்கள் குடும்பத்தில் கல்யாணப் பத்திரிகையில் ஒரு வரி சேர்க்க வேண்டுமென்றாலும் என்னிடம் கேட்கமாட்டார்கள். அச்சகத்துக்காரரிடம் கேட்பார்கள், பக்கத்து வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண்ணிடம் கேட்பார்கள். நான் தமிழாசிரியை. பதினோரு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இருந்தும் வீட்டில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு நான் உட்கார்ந்தால், அம்மா வந்து "என்னடி எழுதற?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள். மளிகைச் சாமான் லிஸ்ட் என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.

அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. நான் எழுதியதால்தான் தனவேல் மாமா இன்றைக்கும் காண்ட்ராக்ட்.

ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்துவிடும். எழுதுகிறவர் முதலில் ஒரு மையக்கருத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதைத் தாங்கி நிற்கும் விவரங்களைக் கொடுக்க வேண்டும். "'என் மாமா நல்ல வேலைக்காரர்'னு எழுதினா யாரும் நம்பமாட்டாங்க. அவர் என்ன செஞ்சார், எப்ப செஞ்சார், எப்படிச் செஞ்சார்னு எழுதுங்க. நம்புவாங்க." இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு இருமல் வந்துவிடும். சாக்பீஸ் தூசி என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

நெய்வேலியில் மனிதர்கள் இரண்டு வகை. பெர்மனென்ட், காண்ட்ராக்ட். (மற்ற சாதியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.) பெர்மனென்டுக்கு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், வாசலில் கொய்யா மரம், வீட்டுக்குள் எந்நேரமும் தண்ணீர். காண்ட்ராக்டுக்கு வருடா வருடம் புதுப்பிக்கிற கேட் பாஸ். என் அப்பா பெர்மனென்ட், டவுன்ஷிப்புக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்ப் ஹவுஸில் ஆப்பரேட்டர். அம்மாவின் தம்பி தனவேல் மாமா காண்ட்ராக்ட். அதே பம்ப் ஹவுஸில், அதே ஷிப்டில் அப்பாவுக்கு ஹெல்பர். மாமாவுக்கு வீடு பக்கத்திலேயே வடக்குத்து கிராமத்தில். வீட்டுக்கு வந்தால் அப்பாவை வாய் நிறைய "மாமா" என்பார். பம்ப் ஹவுஸுக்குள் போய்விட்டால் "ஆப்பரேட்டர்" என்பார். அதில் யாருக்கும் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. குறைந்தபட்சம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பி.ஏ. தமிழ், இரண்டாம் வருடம். டவுன்ஷிப்பில் நடந்த கட்டுரைப் போட்டியில் 'நீரின்றி அமையாது உலகு' என்ற தலைப்பில் முதல் பரிசு வாங்கியிருந்தேன். பரிசு ஒரு எவர்சில்வர் தட்டு. அந்தத் தட்டில்தான் சாப்பிடுவேன், வேறு தட்டில் போட்டால் சோறு இறங்காது. (அந்த வயதில் எனக்கிருந்த மண்டைக்கனத்தைத் தூக்கி நிறுத்த சுரங்கத்து கிரேன்தான் வர வேண்டியிருக்கும்.)

இந்தச் சமயத்தில்தான் ஒரு பேச்சு வந்தது. பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்த காண்ட்ராக்ட் ஆட்களில், வேலை தெரிந்த சிலரை மட்டும் ஹெல்பரிலிருந்து ஏற்றி, பெர்மனென்டில் சேர்க்கப் போகிறார்களாம். அவரவர் தனக்கு என்ன வேலை தெரியும் என்று மனு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். மாமாவுக்குப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. மாமா நேராக எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். கையில் ஒரு பலாப்பழம்.

"பாப்பா, நீதான் எழுதணும். தட்டெல்லாம் வாங்கிக்கினு வந்தியே" என்றார்.

அப்பா ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். செருப்பை மாட்டியபடியே சொன்னார். "மூணு வரி எழுதிக் குடு போதும். பேரு, எத்தனை வருஷம், என்ன வேலை. மத்ததை நான் ஆபீசர்கிட்ட வாயால சொல்லிக்கிறேன்."

மூன்று வரி! முதல் பரிசுத் தட்டில் சாப்பிடுகிறவளைப் பார்த்து மூன்று வரி! அப்பாவுக்கு இலக்கிய ரசனை கிடையாது என்று முடிவு கட்டினேன்.

மாமாவை எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். மையக்கருத்து எனக்கு உடனே கிடைத்துவிட்டது: 'தனவேல் என்பவருக்குப் பம்ப் ஓட்டத் தெரியும்.' இனி அதைத் தாங்க விவரங்கள் வேண்டும். மாமா கூச்சத்தோடு ஒவ்வொன்றாகச் சொன்னார். மோட்டார் சத்தம் லேசாக மாறினாலே பேரிங் போகப் போகிறது என்று அவருக்குத் தெரியுமாம். வால்வை எத்தனை சுற்றுத் திறந்தால் எந்த பிளாக்குக்குத் தண்ணீர் ஏறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாராம். ஒரு மழைநாளில் மோட்டார் புகைந்தபோது ஓடிப்போய் ஸ்டார்டரை நிறுத்தியது அவர்தானாம். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

"தனியா ஓட்டியிருக்கீங்களா மாமா?"

"ஓட்டாம? செகண்ட் ஷிப்டுல ஆறு மணிலேர்ந்து எட்டு மணி வரிக்கும் நாந்தான பாத்துக்கறேன். ஆறு மணி ரீடிங்கு, ஏழு மணி ரீடிங்கு ரெண்டும் லாக் புக்குல எங்கையெழுத்துதான்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. இதுவல்லவா விவரம்! நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, எழுத்தில் ஆதாரம் இருக்கிறது. 'பிற்பகல் ஷிப்டில் ஆப்பரேட்டர் வெளியே சென்றிருக்கும் ஆறு மணி முதல் எட்டு மணி வரை, இவரே தனியாகப் பம்புகளை இயக்கி, லாக் புக்கில் தம் கைப்படக் குறிப்பும் எழுதிவருகிறார்' என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன். (ஸ்கேல் வைத்து.)

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். செகண்ட் ஷிப்ட் என்பது மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை. அந்த வாரங்களில் என் அப்பா சரியாக ஆறு மணிக்கு ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்துவிடுவார். அம்மா வாழைக்காய் பஜ்ஜி போடுவாள். அப்பா எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பார், நியூஸ் பார்ப்பார், எட்டு மணிக்குத் திரும்பிப் போவார். நான் ஆறாவது படிக்கும் காலத்திலிருந்து அப்படித்தான். என் சின்ன வயதில் எனக்குப் பிடித்த இரண்டு மணி நேரம் அதுதான். அந்த இரண்டு மணி நேரம் பம்பை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. மனுவில் 'ஆப்பரேட்டர்' என்று எழுதியபோதும், அது பஜ்ஜி தின்கிற அப்பாதான் என்று என் மூளையில் தட்டவில்லை. ஆப்பரேட்டர் மனுவில் இருந்தார், அப்பா வீட்டில் இருந்தார். அவ்வளவு பெரிய படிப்பாளி நான்.

எழுதி முடித்தபோது நாலு பக்கம் வந்திருந்தது. ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டினேன். மாமா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். மழைநாள் மோட்டார் வந்தபோது அவருக்குக் கண் கலங்கியது. முடித்ததும் தலையைச் சொறிந்தார்.

"எல்லாம் நல்லாத்தான் கீது பாப்பா. அந்த ஆறு மணி சமாச்சாரம் மட்டும் வேணுமா?"

"அதுதான் மாமா முக்கியம். அது இல்லாட்டி மையக்கருத்து விழுந்துடும்."

"விழுந்துடுமா?"

"விழுந்துடும். விவரம் இல்லாத கருத்தை யாரும் நம்பமாட்டாங்க. எங்க புக்குலயே போட்டிருக்கு."

புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றதும் மாமா அடங்கிவிட்டார். "நீ படிச்ச புள்ள" என்று சொல்லி, நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். எனக்கு எச்சரிக்கை வரவில்லை என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது. வந்தது. நான்தான் அதற்குப் பாடம் நடத்தி அனுப்பிவைத்தேன். அப்பாவிடம் மட்டும் நான் அதைக் காட்டவில்லை. மூன்று வரி கேட்ட மனிதருக்கு எதற்குக் காட்ட வேண்டும்?

இரண்டு வாரம் கழித்து ஆபீஸிலிருந்து மாமாவுக்கு ஆள் வந்தது. அந்த வாரம் அப்பாவுக்கும் மாமாவுக்கும் காலை ஷிப்ட். மாமா பம்ப் ஹவுஸில் பெர்மிஷன் சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "எதுனா கேட்டா நீ சொல்லு பாப்பா, எனக்கு நாக்கு கொழறும்" என்றார். நான் பட்டுத் தாவணிக்கு அடுத்தபடியான நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு போனேன்.

ஆபீசர் நல்ல மனிதர். (அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருடம் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!) மேஜையில் ஒரு கட்டு மனு. எங்களுடையது தனியாக எடுத்துவைத்திருந்தது.

"யாரும்மா இதை எழுதினது?"

"நான்தான் சார்."

"இந்தக் கட்டுல மத்ததெல்லாம் 'நான் ஏழை, கருணை காட்டவும்'தான். இதுல ஒண்ணுலதான் என்ன வேலைன்னு இருக்கு. உயிர் இருக்கும்மா இதுல."

என் கால் தரையில் இல்லை. மாமாவைத் திரும்பிப் பார்த்தேன், பார்த்தீர்களா என்கிற மாதிரி. அவரும் சிரித்தார். பன்னிரண்டு வருடத்தில் அவர் அந்த ஆபீஸில் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஆபீசர் பக்கத்தைப் புரட்டினார். பென்சிலை எடுத்தார். "இந்த ஆறு மணி முதல் எட்டு மணி. இது எப்பவாவது ஒரு நாளா?"

"இல்லை சார். செகண்ட் ஷிப்ட் வர்ற ஒவ்வொரு வாரமும்" என்றேன் நான்.

மாமா என் செருப்பை மிதித்தார். தெரியாமல் மிதித்துவிட்டார் என்று காலை நகர்த்திக்கொண்டேன்.

"தனியாவா?"

"தனியாத்தான் சார். ஒரு தடவைகூட பம்ப் நின்னதில்லை."

மாமா மறுபடியும் மிதித்தார். இந்தத் தடவை வலித்தது.

"அப்ப ஆப்பரேட்டர் அந்த நேரத்துல எங்க போறார்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பதில் எனக்குத் தெரியும். 'வீட்டுக்கு' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதோடு கூடவே வாழைக்காய் பஜ்ஜியின் வாசனையும் வந்தது. எனக்கு ஒருவழியாக விவரம் வந்த நேரம் அதுதான்.

ஆபீசர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போனை எடுத்துப் பம்ப் ஹவுஸுக்குப் பேசினார். "ஆப்பரேட்டரைப் போன மாச லாக் புக்கோட வரச் சொல்லுங்க. ஆள் மாத்திவிட்டுட்டு வரச் சொல்லுங்க."

கால் மணி நேரத்தில் அப்பா வந்தார். கக்கத்தில் லாக் புக். முகத்தில் சிரிப்பு. மைத்துனனுக்கு நல்ல வார்த்தை சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். என்னைப் பார்த்துத் தலையை வேறு ஆட்டினார்.

ஆபீசர் மனுவில் கோடு போட்ட இடத்தை அப்பாவிடம் காட்டிவிட்டு, லாக் புக்கைத் திறந்தார். அப்பாவின் எண்கள் அச்சடித்த மாதிரி நிமிர்ந்து நிற்கும். ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் மட்டும் எண்கள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. பக்கத்துக்குப் பக்கம் அப்படியேதான்.

"இது யார் எழுதினது?"

அப்பா மனுவையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும். அவர் சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் மாமா முன்னால் வந்துவிட்டார்.

"நாந்தாங்க எழுதனது. ஆப்பரேட்டர் பம்புகிட்ட நின்னுகினு ரீடிங் சொல்லுவாருங்க. நான் எழுதிக்குவேன். அவரு எங்கியும் போறது கெடையாதுங்க."

"மனுவுல தனியா ஓட்டறதா இருக்கே?"

"அது பாப்பா அழகுக்கு எழுதிச்சிங்க. சின்னப் புள்ள."

"அப்ப உனக்கு மீட்டர் பார்க்கத் தெரியாதா?"

மாமா, மோட்டார் சத்தத்தை வைத்தே பேரிங் சொல்கிற மனிதர். "எனக்கு என்னாங்க தெரியும்? கிரீஸ் போடுவங்க. தண்ணி ஊத்திக் கழுவி வுடுவங்க" என்றார்.

ஆபீசர் அப்பாவைப் பார்த்தார். "அப்படித்தானா?"

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அவருக்கு ஒரு மெமோ வந்திருக்கும். ஒரு இன்கிரிமென்ட் நின்றிருக்கும். வேலை போயிருக்காது, குவார்ட்டர்ஸ் போயிருக்காது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அவருக்கு அப்போதே தெரியும்.

"ஆமா சார். நான் சொல்வேன். அவன் எழுதுவான்" என்றார் அப்பா.

நான் கோடு போட்டு எழுதிய அதே விவரம்தான். அதே ஆறு மணி, அதே ஏழு மணி, அதே சாய்ந்த எண்கள். தனவேலுக்குப் பம்ப் ஓட்டத் தெரியும் என்பதைத் தாங்கிக்கொண்டிருந்தது, ஒரே நிமிடத்தில் தனவேலுக்கு ஒன்றும் தெரியாது என்பதைத் தாங்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் புத்தகத்தில் இதைப் போடவில்லை.

ஆபீசர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அவர் முன்னால் இருந்தது இரண்டு பேர் சொன்ன சொல், அதை மறுக்காத நான், ஒரு லாக் புக். மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதி, கட்டின் அடியில் செருகினார். என்னிடம் மட்டும், "கதை எழுதும்மா, உனக்கு வரும். மனு எழுதாதே" என்றார்.

வெளியே வந்ததும் அப்பா லாக் புக்கைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார். அப்படியே போய்விட்டார். மாமா என்னைத் தன் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு வீட்டில் விட்டார். வழியெல்லாம் அழுதேன்.

"அழுவாத பாப்பா. நீ எழுதனது அத்தினியும் நெசம். அதான் ரோதனை" என்றார். வாசலில் இறக்கிவிட்டுவிட்டு, பாதி ஷிப்ட் பாக்கி இருக்கிறது என்று கிளம்பினார். அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டாள். யார் பக்கம் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் புருஷன். நடுவில் எழுத்தாளர் மகள்.

அதற்கப்புறம் செகண்ட் ஷிப்டில் அப்பா ஆறு மணிக்கு வரவில்லை. ஒரு மாதம் வரவில்லை. பிறகு ஒருநாள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அம்மா ஒன்றும் கேட்காமல் வாழைக்காயைச் சீவினாள். பம்ப் ஹவுஸில் அந்த நேரத்துக்கு யார் நின்றிருப்பார் என்று மூன்று பேருக்கும் தெரியும். நான் பஜ்ஜியைத் தொடமாட்டேன் என்று சபதம் செய்திருந்தேன். தொட்டேன். நாலு தின்றேன். அப்பா மேல் இருக்கிற கோபத்தை நான் எழுதி முடித்துவிடுவேன். என் மேல் இருக்கிற கோபத்தை எழுத வரும்போதெல்லாம் அது அந்த நாலு பஜ்ஜியில்தான் வந்து சிக்கிக்கொள்கிறது.

சொந்தத்தில் இந்தக் கதை எப்படியோ பரவிவிட்டது. பரப்பியது மாமாவேதான். காதுகுத்தோ கருமாதியோ, யாராவது பேச்சை நீட்டினால் போதும், "தே, பாப்பா மாதிரி வெவரமா சொல்லாத, எனக்கு வேலை பூடும்" என்பார். கூட்டம் குலுங்கிச் சிரிக்கும். குள்ளஞ்சாவடியில் இருக்கிற அத்தை வீட்டில், என்னைப் பார்க்காத குழந்தைகள்கூட இதைச் சொல்லிச் சிரிக்குமாம். மாமா சொல்லும் கதையில் என் செருப்பை மிதித்தது வரும், மழைநாள் மோட்டார் வரும். அப்பா சொன்ன அந்த ஒரு வரி மட்டும் வராது. அந்த இடத்தை அவர் தாண்டிவிடுவார்.

மூன்று வருடத்துக்கு முன் அப்பா ரிடையர் ஆனார். எங்கள் ஊரில் ரிடையர்மென்ட் என்றால் மாலை, சால்வை, வேன் வைத்து வீடுவரை ஊர்வலம், கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்து மடல். மடலை எழுத வேண்டியவர் அந்த வாரம் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டார். அப்பாவின் கூட்டாளிகள் வேறு வழியில்லாமல் என்னிடம் வந்தார்கள். அப்பா உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார், வெளியே வரவில்லை. எழுதிக் கொடுத்தேன். 'ஓய்வறியா உழைப்பாளர். கடமை தவறாத கண்ணியர். காலம் தவறாத பண்பாளர்.' மொத்தம் மூன்று வரி.

நாங்கள் அப்போது குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடக்குத்தில் வீடு கட்டிக் குடிவந்திருந்தோம், மாமா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. வேனில் அப்பா மாலையோடு முன்னால் நின்றார். மாமா பின்னால் உட்கார்ந்து, உடைந்துவிடாமல் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஷிப்டுக்கு நடுவில் பெர்மிஷன் போட்டு வந்திருந்தார். வீட்டுக்குள் வந்ததும் எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒரு தடவை படித்தார், மறுபடியும் முதலிலிருந்து படித்தார். ஹால் நிறையச் சொந்தக்காரர்கள்.

"நல்லா கீது பாப்பா" என்றார். "ஒரு வெவரம் கூட இல்ல. இப்பதான் உனுக்கு எழுத வந்துருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். மாமா கேட் பாஸைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டு, ஸ்டூல் மேல் ஏறி, சுவரில் ஆணி அடித்துச் சட்டத்தை மாட்டினார். சாய்ந்திருக்கிறதா என்று என்னைக் கேட்டார். நேராக இருக்கிறது என்றேன்.